மறைசாட்சி மேடையேறியபோது

துன்பியல் நாடகத்தின் தலைவன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும்? கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ என்னும் நூலில் இதற்கு விடை கூறினார். மாசற்ற நல்லவன் வீழ்ந்தால் காண்போர்க்கு இரக்கம் பிறவாது, வெறுப்பே பிறக்கும். கொடியவன் வீழ்ந்தாலோ, வினை விதைத்தவன் வினையை அறுத்தான் என்று மனம் அமைதி கொள்ளும். ஆகவே இவ்விருவர்க்கும் இடைப்பட்ட ஒருவன், கீழ்மையால் அன்றி ஏதோவொரு ‘ஹமார்த்தியா’வினால் வீழ்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. அவர் காட்டிய சான்று ஈடிப்பஸ் மன்னன். அறிவும் குடிகள்பால் அன்பும் நிறைந்தவன். சினமும் அவசரமும் உடன் நிறைந்தவன்.

ஹமார்த்தியா என்னும் சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல். எய்தவன் கை வலிமை மிக்கதே. அம்புதான் இலக்கில் தைக்கவில்லை. இதே சொல்லைத்தான் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் ‘பாவம்’ என்ற பொருளில் ஆள்கிறது. பொருள் வேறுபட்டாலும் இந்த உறவு எண்ணிப் பார்க்கத் தக்கது.

பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு சிக்கல் எழுந்தது. புனிதர் ஒருவர் துன்பியல் தலைவராக முடியுமா? குறையில்லாதவரென்றால் அரிஸ்டாட்டிலின் வாயில் அவருக்கு அடைபட்டதாயிற்றே! இவ்வினாவை நேருக்குநேர் சந்தித்தவர் பிரெஞ்சு நாடகாசிரியர் பியேர் கொர்னேய். 1606-இல் ரூவான் நகரில் பிறந்து, இயேசு சபையாரிடம் கல்வி பயின்றவர். அவருடைய ‘பொலியூக்த்’ நாடகம் 1643-இல் அச்சேறியது. மேடையேறுமுன் பாரிசின் புகழ்பெற்ற ராம்புயே மாளிகையில் அதைப் படித்துக் காட்டினாராம். கேட்டோர் நயத்தக்க முறையில் பாராட்டினர். ஆனால் அதிலுள்ள கிறிஸ்தவம்தான் அவர்களுக்குச் சுவைக்கவில்லை என்று பின்னர் ஒருவரைவிட்டுச் சொல்லியனுப்பினர். இதை எழுதி வைத்தவர் கொர்னேயின் தங்கை மகன் ஃபோந்தெனெல். கத்தோலிக்க நாட்டின் தலைநகரில் இப்படியும் ஒரு நாணம்!

கதை தேசியு பேரரசரின் கலாபனைக் காலத்தது. ஆர்மீனியப் பிரபு பொலியூக்த், உரோமை ஆளுநர் ஃபெலிக்சின் மகள் பொலீனை மணந்தவன். நண்பன் நேயார்க் கிறிஸ்தவன். திருமுழுக்குப் பெறப் புறப்படும் நாளில், மனைவி கண்ட தீக்கனவுக்கு அஞ்சிப் பொலியூக்த் தயங்குகிறான். நண்பன் கடிந்து அழைத்துச் செல்கிறான். திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியபின்போ நிலை தலைகீழாகிறது. பொதுப்பலி நடக்கும் கோவிலில் புகுந்து சிலைகளை நொறுக்குவோம் என்கிறான் பொலியூக்த். பொறுத்திரு, சாவைத் தேடிச் செல்லாதே என்று தடுப்பவன் நேயார்க். இறுதியில் இருவரும் செல்கின்றனர், இருவரும் உயிர் துறக்கின்றனர்.

தம் தலைவனின் அறம் புனிதம்வரை உயர்ந்தது, அதில் பலவீனக் கலப்பே இல்லை என்று 1660-இல் கொர்னேய் தம் நாடகத்தை ஆய்ந்து எழுதினார். தமக்கு ஆதரவாக இத்தாலியக் கவிதையியலார் மிந்தூர்னோவையும் துணைக்கழைத்தார். அவர் உஜெந்தோவின் ஆயராயிருந்தவர்.

ஆனால் நாடகத்தைப் படிக்கும் எனக்கு ஆசிரியரின் இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. சிறையில் பொலீன் வந்து கதறும் காட்சியைப் பாருங்கள். முன்பு அவளை விரும்பியவனும், போரில் மாண்டதாகக் கருதப்பட்டு மீண்டவனுமான செவேரிடம், தன் மனைவியை ஒரு பொருளைப்போல் ஒப்படைக்கிறான் கணவன். அதை அன்பு என்பதா, கல்நெஞ்சம் என்பதா? அவளுடைய கண்ணீருக்கு மதிப்பளிக்கும் எவரும் அங்கே ஒரு கணம் தடுமாறுவர். நாடகம் உயிர்பெறுவதும் அங்கேதான்.

சிலையுடைப்புக்கு வருவோம். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா நகரில் கூடிய ஆயர் சங்கம் தன் 60-ஆம் விதியில், சிலைகளை உடைத்து அவ்விடத்திலேயே கொல்லப்படுவோரை மறைசாட்சிகளின் பட்டியலில் சேர்க்கலாகாது என்றது. நற்செய்தியில் அதற்குச் சான்றில்லை, திருத்தூதர் காலத்தில் அவ்வாறு நிகழ்ந்ததுமில்லை என்பது அதன் காரணம். வேற்றுச் சமயத்தார் நடுவே வாழும் நாம் இவ்விதியை ஊன்றிப் படிக்கவேண்டும். நேயார்க்கின் தயக்கம் கோழைத்தனமன்று. திருச்சபையின் முதிர்ந்த அறிவே அவன் வாயால் பேசியது. ஆக, அரிஸ்டாட்டில் கேட்ட குறி தவறுதல் இப்புனிதனிடமும் இருக்கிறது. ஆர்வத்தின் மிகுதியே அவன் குறை.

செருமானியத் திறனாய்வாளர் லெசிங் 1767-இல் வேறொரு மறைசாட்சி நாடகத்தைக் கண்டு, தேவையின்றிச் சாவை நோக்கி ஓடுவோரைக் கடிந்தார். உண்மைக் கிறிஸ்தவனின் பொறுமையும் சாந்தமும் மேடைக்கே ஒவ்வாதவையோ என்றும் ஐயுற்றார். ஐயம் பொருளற்றதன்று. எனினும் பொறுமை தானாக வந்தவர்க்கு மட்டுமே அவ்வாதம் பொருந்தும். போராடிப் பெற்றவர்க்குப் பொருந்தாது.

இத்தாலிய இசையமைப்பாளர் தொனித்சேத்தி இதே கதையை 1838-இல் ‘பொலியூத்தோ’ என்னும் இசைநாடகமாக்கியபோது, பாடலாசிரியர் தலைவனுக்குப் பொறாமையைச் சேர்த்தார். மனைவிமேல் ஐயங்கொண்டு கொதிப்பவன், பின்னரே அருளால் தெளிகிறான். புனிதரை மேடையில் காட்டலாகாது என்று நேப்பிள்ஸ் மன்னர் தடை விதித்தார். நாடகம் பிரெஞ்சு வடிவம் பெற்று, கொர்னேயின் கதைக்கு நெருங்கி, 1840-இல் பாரிசில் அரங்கேறியது. பொறாமையுள்ள பொலியூத்தோவை நேப்பிள்ஸ் மக்கள் கண்டது 1848 நவம்பரில். தொனித்சேத்தி அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார்.