நடுவிரலில் நிற்கும் குதிரை

குதிரைக்குக் காலுக்கு ஒரு விரல்தான், அதுவும் நடுவிரல். அதன் நுனியைச் சுற்றித் தடித்து வளர்ந்த நகத்தையே குளம்பு என்கிறோம். லாடம் அடிக்கும்போது ஆணி இறங்குவது அந்த நகத்தின் உணர்ச்சியற்ற ஓரத்தில். முன்காலில் முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. அப்படியென்றால் மற்ற விரல்கள் எங்கே போயின?

விடை அமெரிக்காவின் மேற்குப் பாறைகளில் இருந்தது. அங்கிருந்து வந்த எலும்புகளை யேல் பல்கலைக்கழகத்தில் ஓத்னியல் மார்ஷ் சேர்த்து வைத்திருந்தார். 1876இல் டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி அவற்றைப் பார்க்கப் போனார். குதிரையின் பூர்வீகம் ஐரோப்பா என்று அதுவரை எழுதிவந்தவர் அவர். அந்த எலும்புகளைப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். அதை நியூயார்க் மேடையிலேயே சொன்னார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதே ஆண்டு மார்ஷ் மூத்த குதிரைக்கு ‘இயோஹிப்பஸ்’, அதாவது விடியல் குதிரை, என்று பெயர் வைத்தார்.

சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் காட்டில் தழை தின்று வாழ்ந்த அது, நரி அளவே இருந்தது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பொதபொதத்த காட்டுத் தரைக்கு விரிந்த விரல்கள் ஏற்றவை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கிடைத்த இதையொத்த விலங்கின் மண்டையோட்டை 1841இல் ரிச்சர்ட் ஓவன் விவரித்திருந்தார். குதிரை நினைவே அவருக்கு வரவில்லை.

பிறகு பூமி குளிர்ந்து வறண்டது. காடு சுருங்கிப் புல்வெளி பரந்தது. புல்லில் இருக்கும் சிலிக்கா பல்லைத் தேய்க்கும். அதனால் உயரமான பல் உள்ளவை பிழைத்தன. உடலும் பெருத்தது. பாரம் நடுவிரலுக்கு மாறியது. கால் நுனி இலேசானால் வீசி ஓடுவதும் எளிது. சுமார் 1½ கோடி ஆண்டுகளுக்கு முந்திய மெரிகிப்பஸுக்கு மூன்று விரல்கள் இருந்தும், ஓரத்து இரண்டும் பெரிதாகப் பாரம் தாங்கவில்லை.

பாடப்புத்தகங்கள் இதை ஏணிப்படி போல வரைவது தவறு. இது கிளை பல விட்ட புதர். மூன்று விரல் ஹிப்பாரியன்கள் சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குள் வந்து, சிவாலிக் மலையடிவாரம் வரை மேய்ந்தன. இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை அடங்கிய ஈக்வஸ் பேரினம் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பிறகும் அவை நெடுங்காலம் வாழ்ந்தன. தான்சானியாவின் லேட்டோலியில், ஆதி மனிதக் காலடிகள் பதிந்த எரிமலைச் சாம்பலில் ஹிப்பாரியனின் தடமும் இருக்கிறது. குதிரையின் தூரத்துச் சொந்தங்களான காண்டாமிருகத்தின் பின்காலிலும் டேப்பிரின் பின்காலிலும் இன்றும் மூன்று விரல்கள்தான்.

பிறந்த மண்ணான அமெரிக்காவில் குதிரை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. 1493இல் கொலம்பஸின் கப்பலில்தான் மீண்டும் அந்தப் பக்கம் வந்தது.

காணாமல்போன விரல்கள் முழுதாகப் போய்விடவில்லை. குதிரையின் முழங்காலுக்குக் கீழே, நடு எலும்பின் இருபுறமும் குச்சி போல இரண்டு மெல்லிய எலும்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. எப்போதாவது ஒரு குட்டி, பக்கத்தில் சின்னக் குளம்போடு ஒரு விரல் கூடுதலாகப் பிறக்கும். அப்படிப்பட்ட குதிரைகளைத் தேடித்தேடிப் பதிவுசெய்து, 1892இல் ஒரு கட்டுரையே எழுதினார் மார்ஷ்.