சொக்கலிங்கம், டி. எஸ். (1899–1966)

தென்காசியில் பிறந்த இதழாளர், விடுதலைப் போராட்ட வீரர். 1911 ஆஷ் கொலை வழக்கில் அண்ணன் சிதம்பரம் பிள்ளை கைதானபோது அரசியல் இவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழில் பணியாற்றியபின் ‘காந்தி’ இதழை நடத்தினார். 1933-இல் கு. சீனிவாசன், வ.ரா.வுடன் ‘மணிக்கொடி’யைத் தொடங்கினார். 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதி நினைவு நாளில், வெளிவந்த ‘தினமணி’க்கு இவரே முதல் ஆசிரியர். பண்டித நடையை ஒதுக்கி, சாமானியருக்கும் புரியும்படி காரசாரமாகத் தலையங்கம் எழுதினார். தமிழ் நாளிதழுக்கு அது பெரிய திருப்பம். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். ‘தினமணி’ நிர்வாகத்துடன் முரண்பட்டு 1943-இல் விலகியபோது புதுமைப்பித்தன் உள்ளிட்டோரும் உடன் வெளியேறினர். ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்! அடுத்து ‘தினசரி’யைத் தொடங்கினார். டால்ஸ்டாயின் பெருநாவலை ‘போரும் வாழ்வும்’ எனத் தமிழாக்கினார்.