பத்தாயிரம் அடிக்குக் கீழே அரட்டை இல்லை

பயணிகள் விமானம் தரையில் ஓடும்போதும், மேலேறி இறங்கும்போது 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரையும், விமானிகள் வேலைக்குத் தேவையில்லாத எதையும் பேசக் கூடாது, செய்யக் கூடாது. 'ஸ்டெரைல் காக்பிட்' எனப்படும் இந்த விதி அமெரிக்காவில் 1981-இல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பே விபத்துகள் எச்சரித்திருந்தன. 1972 டிசம்பரில் மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த எல்லோரும் அந்த விளக்கிலேயே மூழ்கியிருக்க, தானியங்கி உயரக் கட்டுப்பாடு விலகியதை யாரும் பார்க்கவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். 1974 செப்டம்பர் 11 காலை, அதே நிறுவனத்தின் டிசி-9 விமானம் சார்லட் நகரில் மூடுபனிக்கிடையே இறங்கிக்கொண்டிருந்தது. விமானிகளின் பேச்சு அரசியலையும் பழைய கார்களையும் சுற்றி வந்தது. தரை நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கை ஒலித்தும் அவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. ஓடுபாதைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே விமானம் தரையில் மோதியது. அதில் இருந்த 82 பேரில் 72 பேர் உயிரிழந்தனர்.

விதியை எழுதியவர்கள் விமானிகளை மட்டும் கண்டித்துவிட்டு நிற்கவில்லை. அந்த நேரத்தில் உணவுப்பொருள் கேட்டு அலுவலகத்துக்குப் பேசுவது, பயணிகளின் அடுத்த விமானத்தை உறுதிசெய்வது, சம்பளப் படிவம் நிரப்புவது போன்ற வேலைகளைத் தரக் கூடாது என்று நிறுவனத்தையே முதலில் தடுத்தார்கள். சாப்பாடு, பத்திரிகை வாசிப்பு, வெட்டிப்பேச்சு எல்லாம் விலக்கப்பட்டன. தானும் செய்யக் கூடாது, பிறரையும் செய்ய விடக் கூடாது என்ற பொறுப்பு தலைமை விமானிக்கு வந்தது. விதியின் உயிர்நாடி இதுதான்: சுற்றியிருப்பவர்களின் கவனத்தைக் காப்பதும் தலைவரின் வேலை.

ஆனால் உயரத்தில் சீராகப் பறக்கும் நேரம் விதிக்கு வெளியே இருந்தது. 2009 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் போய்க்கொண்டிருந்தது. விமானிகள் இருவரும் மடிக்கணினியில் புதிய பணிநேர அட்டவணையை அலசினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கட்டுப்பாட்டு அறையின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி 150 மைல் வரை போன பிறகு, எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்டபோதுதான் நிலைமை புரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, இருவரின் உரிமங்களும் ரத்தாயின. 2012-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 2014-இல் இன்னொரு விதி வந்தது: விமானி தன் இருக்கையில் பணியில் இருக்கும்போது, எந்த உயரமானாலும், கைப்பேசியையும் மடிக்கணினியையும் சொந்த வேலைக்குத் தொடக் கூடாது. வரைபடங்களும் கையேடுகளும் உள்ள டேப்லெட்டுகளுக்கு, பறப்புக்கு வேண்டியவை என்பதால், இந்தத் தடை இல்லை.