கல்மூங்கில்

கல்மூங்கில், புல் குடும்பத்தைச் சேர்ந்த மூங்கில் இனம். அறிவியல் பெயர் டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ். கெட்டி மூங்கில் என்றும் சொல்வர். ஆங்கில வழக்கைப் பார்த்து ‘ஆண் மூங்கில்’ என்று எழுதுவது தவறு. இதில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. இந்தியா, நேபாளம், மியான்மர், தாய்லாந்து ஆகிய நாடுகளின் வறண்ட இலையுதிர் காடுகளில் தானாக வளர்கிறது. தமிழகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் காணலாம்.

பெயரும் வகைப்பாடும்

வேய், கழை, வெதிர், அமை, பணை, வேரல் என மூங்கிலுக்குத் தமிழில் பெயர்கள் பல. வேய் என்றாலே உள்துளை என்றும் பொருள் உண்டு. துளை அடைபட்ட மூங்கிலுக்கு மக்கள் வாயில் வழங்கும் பெயர் கல்மூங்கில்.

தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. உள்ளும் கெட்டியான கல்மூங்கில் எந்தப் பக்கம்? கழியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் விடை தெரியும். நார்கள் தோலை ஒட்டி நெருங்கி நிற்கும். நடுவில் போகப்போக அடர்த்தி குறையும். ஆகவே இதுவும் புல்லே. தாவரவியலும் அதையே சொல்கிறது.

நவீன அறிவியலில் இதற்குப் பெயரிட்டவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக 1776இல் சென்னைக்கு வந்தவர். 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதைப் பம்பூசா ஸ்ட்ரிக்டா என்று விவரித்தார். அந்நூலின் படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பின்னர் ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் இதை டென்ட்ரோகாலமஸ் பேரினத்துக்கு மாற்றினார். அந்தப் பேரினப் பெயருக்கு ‘மரநாணல்’ என்று பொருள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் மூங்கிலை மரத்தோடு சேர்த்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மரம் என்ற அந்தச் சட்டத் தளை 2017இல்தான் நீங்கியது.

இயல்புகள்

பொதுவாக 8 முதல் 16 மீட்டர் உயரம், 2.5 முதல் 8 செ.மீ. குறுக்களவு. முள் மூங்கிலைப் போல முட்கிளை இல்லை. இளங்கழி மீது வெண்சாம்பல் பூச்சு இருக்கும். ஈரச் செழிப்பான இடத்தில் கழிக்குள் துளை விழும். வறண்ட மண்ணில் வளர்ந்ததே முழுக் கெட்டியாகும். பெரும்பாலும் 25 முதல் 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை தோப்பு முழுதும் பூத்து, மூங்கிலரிசி தந்து காய்ந்துவிடும்.

பயன்கள்

பாரம் தாங்கும் கழி, ஏணி, பந்தல் கால், காவல்காரர் தடி ஆகியவற்றுக்குக் கல்மூங்கிலே சிறந்தது. காஞ்சிபுரத்தில் வெயில் ஏறுமுன் தெருவில் பட்டுப் பாவை (நெசவின் நீள இழைகளை) இழுத்துக் கட்டும்போது இடையிடையே தாங்கி நிற்பவை மூங்கில் கழிகள். குறுக்கிழையான ஊடையை அடித்து நெருக்கும் தறி அச்சின் பற்களும் முன்பு மூங்கில் சிம்புகள்தாம். பிறகு எஃகு வந்தது.

அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியும் மூங்கிலை நம்பியதே. பிளந்து சீவிய பட்டைகளால் நீள் உருளையாகப் பின்னிய கூடை குடலை. இதற்கு வேறு மூங்கிலும் ஆகும். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரவென்று அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய குடலையில் ஊற்றி வேகவைக்கிறார்கள். பின்னல் இடைவெளி வழியே நாலாபுறமும் ஆவி புகுவதால்தான் அத்தனை பருமனான இட்லியும் நடுவரை வேகிறது. கவிழ்த்து எடுக்கும்போது இலை மணம் கமழும். பெருமாளுக்குப் பூப்பறிக்கும் கூடைக்கும் குடலை என்றே பெயர்.

தொண்டைநாட்டில் மூங்கிலைக் கோயிலின் தல மரமாகவே கொண்ட ஊரும் உண்டு: திருப்பாசூர். பாசு என்பதும் மூங்கிலே.

சாகுபடி

விதை, கிழங்கு இரண்டாலும் பெருக்கலாம். விதை சீக்கிரம் முளைப்புத் திறன் இழக்கும். 5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 கன்றுகள் நடலாம். கழி ஒரே பருவத்தில் முழு உயரம் எட்டினாலும் முற்ற 3 ஆண்டாகும். இளங்கழிகளை விட்டு முற்றியதை மட்டும் வெட்ட வேண்டும். 2006இல் தொடங்கிய தேசிய மூங்கில் இயக்கம் 2018இல் சீரமைக்கப்பட்டு, தனியார் நிலங்களில் மூங்கில் நடுவதை ஊக்குவித்து வருகிறது.