எந்த நூலுக்கு எந்தச் சாயம்?

பெரம்பலூரின் கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது. அங்கிருந்து கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பட்டு நெய்யும் தறிகள் உண்டு. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த பகுதிகள் இவை; அரியலூர் 2007இல்தான் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. செடி தந்த நூலும் புழு தந்த நூலும் இப்படி அண்டை வீட்டாராக வாழ்கின்றன. ஆனால் சாயத்தின் முன் இரண்டும் ஒரே குணம் கொண்டவை அல்ல.

இதை நாங்கள் பட்டறிந்தே கற்றோம். படிகாரம் கலந்த மஞ்சிட்டி நீரில் பட்டுத்துண்டு ஒன்றையும் பருத்தி வேட்டி ஒன்றையும் சேர்த்திட்டுச் சூடேற்றினோம். பட்டு சிவந்தது. வேட்டியோ வெளிறிய நிறத்தோடு நின்றது. இரண்டாம் அலசலில் அதுவும் போயிற்று.

காரணம் எளியது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். படிகாரத்தை நேரே பற்றிக்கொள்வன. பருத்தி செல்லுலோஸ், படிகாரம் அதில் உறுதியாக ஒட்டுவதில்லை. இடையே துவர்ப்புப் பொருள் ஒன்று வேண்டும். நம் சாயக்காரர்கள் அதற்குக் கடுக்காயைக் கண்டிருந்தார்கள். கர்நாடகப் பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சு ஏசு சபைத் துறவி கேர்தூ, 1742இல் எழுதிய கடிதமொன்றில் இந்தச் செய்முறையை விவரித்துள்ளார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், படிகாரத்தால் எழுதுவார்கள், அதன்பின் சாயவேரில் கொதிக்கவிடுவார்கள். பாலின் கொழுப்பு, படிகாரம் கோடு தாண்டிப் பரவாமல் தடுக்கும்.

சாயவேரில் உள்ள நிறப்பொருள் அலிசரின். அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேரும்போதுதான் அதன் சிவப்பு ஆழமாகிறது. இரும்பு கலந்த நீரில் மங்கிவிடுகிறது. சுண்ணாம்புப் பாறைகளுக்குப் பெயர்போன அரியலூர்ப் பக்கத்தில் சாயமிட முனைவோர், நூலோடு நீரையும் ஆராய்வது நல்லது.

அவுரியின் வழி வேறு. அதன் நீலம் நீரில் கரையாது. காரம் கலந்த தொட்டியில் நொதிக்கவிட்டுக் கரைத்து, துணியை முக்கி எடுத்தால் காற்றுப் பட்டதும் நீலம் பிறக்கும். இதற்குப் படிகாரமோ கடுக்காயோ தேவையில்லை. பருத்தி அந்தக் காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் கடுங்காரத்தில் நைந்துபோகும். நீலம் ஒன்றேயானாலும் தொட்டி வேறாக இருக்க வேண்டும்.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டபோதும் இதே கேள்விதான் குறுக்கே நின்றது. பட்டு அதை உடனே ஏற்றது, பருத்தி மறுத்தது. கடைசியில் கைகொடுத்தது டானின், அதாவது கடுக்காயில் இருக்கும் அதே துவர்ப்புப் பொருள்! கோரமண்டலக் கரையின் சாயக்காரர்கள் தலைமுறைகளாகக் கையால் அறிந்திருந்ததை ஐரோப்பியத் தொழிற்சாலை தன் வழியில் மறுபடியும் கண்டடைந்தது.

அதன்பின் வரலாறு விரைந்தது. 1869இல் செயற்கை அலிசரினுக்கு வழி பிறந்தது. 1884இல், துணையேதும் இல்லாமல் பருத்தியில் பற்றும் காங்கோ சிவப்பு வந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டுவோரும் அவுரித் தொட்டிகளும் மெல்ல மறைந்தனர். வேரும் இலையும் மட்டுமா மறைந்தன? 'இது எந்த நூல்?' என்று முதலில் கேட்கும் பழக்கமும் அவற்றோடு போயிற்று. இன்று நாம் கடையில் நிறத்தைத்தான் கேட்கிறோம்.

அந்தக் கேள்வியை வீட்டிலாவது மீட்டெடுக்கலாம். பருத்தியென்றால், 1956 முதல் விற்பனையில் உள்ள ரியாக்டிவ் வகைச் சாயமும் சலவைச் சோடாவும் போதும். பட்டுக்கும் கம்பளிக்கும் அமிலச் சாயமும் சிறிது வினிகரும் மிதமான சூடும் பொருந்தும். இயற்கைச் சாயமே வேண்டுமெனில், பட்டுக்குப் படிகாரம். பருத்திக்கு முதலில் கடுக்காய், பின்னர் படிகாரம்.

எங்கள் வேட்டியைக் கடுக்காயில் ஊறவைத்து மீண்டும் சாயமிட்டோம். இம்முறை அலசிய நீர் தெளிவாக இருந்தது.