கல் பட்ட இடத்தில் கறள்: கார்ப் பூச்சின் கதை

புதுக் காரின் முகப்பில் ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றிவிட்டால் அதன் உரிமையாளருக்கு அன்றைய தினம் பாழ். முன்னே சென்ற லொறியின் ரயரிலிருந்து தெறித்த சிறு கல்லின் கைவரிசை அது. பார்ப்பவர்களுக்கு இது பணக்காரக் கவலையாகத் தெரியலாம். ஆனால் அந்தப் புள்ளி அழகை மட்டும் கெடுப்பதில்லை. பூச்சு உடைந்த இடத்தில் இரும்புத் தகடு காற்றையும் ஈரத்தையும் சந்திக்கிறது. கறள் அங்கிருந்துதான் பூச்சின் அடியால் ஊர்ந்து பரவுகிறது. ஒரு காரின் ஆயுள் பல வேளைகளில் இயந்திரத்தால் முடிவதில்லை, தகட்டால் முடிகிறது.

இந்தக் கல்லுக்கும் காருக்குமான பகை, காரின் வயதளவு பழமையானது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் லவுடன் மக்கடம் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பிய வீதிமுறை, உடைத்த சிறு கற்களை அடுக்காக இட்டு இறுக்குவது. குதிரை வண்டிகளின் இரும்புப் பட்டை போட்ட சில்லுகள் அக்கற்களை மேலும் அரைத்து, அந்தத் தூளே பசைபோல் இடைவெளிகளை நிரப்பியது. வண்டி ஓட ஓட வீதி உறுதியானது. மோட்டார் கார் வந்ததும் நிலைமை தலைகீழாகிற்று. காற்றடைத்த இறப்பர் ரயர், வேகமாக உருளும்போது அந்தத் தூளை உறிஞ்சி வெளியே வீசியது. பிடிப்பிழந்த கற்கள் பறக்கத் தொடங்கின. 1902இல் மொனாக்கோவில் வைத்தியர் குக்லியெல்மினெற்றி வீதியில் தார் ஊற்றிப் பார்த்ததும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் எட்கர் பேர்னெல் ஹூலி 'தார்மக்' கலவைக்குக் காப்புரிமை பெற்றதும் புழுதியின் தொல்லை தாங்காமல்தான். வைத்தியருக்கு 'டொக்டர் தார்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. கார்ப் பூச்சைக் காப்பது அவர்களின் நோக்கமல்ல. ஆயினும் பூச்சுக்குக் கிடைத்த முதலாவது பெரிய பாதுகாப்பு அந்தத் தார்தான்.

அக்காலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசிய அதே எண்ணெய்ப் பூச்சும் வார்னிசும்தான் பூசப்பட்டன. தூரிகையால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மீண்டும் பூசி, ஒரு கார் முடிய வாரங்கள் சென்றன. ஹென்றி போர்டின் 'மொடல் ரி' 1908இல் வெளிவந்தபோது சாம்பல், பச்சை, சிவப்பு என நிறங்கள் இருந்தன. 1914 தொடக்கம் பத்தாண்டுக்கு மேலாகக் கறுப்பு மட்டுமே. கறுப்பே மிக விரைவாகக் காயும் என்பதால்தான் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. எனக்கு அது முழுமையான விளக்கமாகப் படவில்லை. நிலக்கீலைக் கலந்து சூளையில் சுட்டெடுத்த அந்தக் கறுப்பு, மலிவானது, கடினமானது, அடிபட்டாலும் தாங்கக்கூடியது. கரடுமுரடான நாட்டுப்புற வீதிகளுக்கென்று செய்யப்பட்ட காருக்கு அதுவே பொருத்தம்.

நிறம் திரும்பி வந்தது யுத்தத்தின் வழியாக. முதலாம் உலகப் போரில் வெடிமருந்துக்காக டியூபொன்ட் கம்பனி பெருமளவில் நைத்திரோசெலுலோசு தயாரித்தது. வெடிப்பஞ்சு என்பார்களே, அதுதான். போர் முடிந்ததும் ஆலைகளுக்கு வேலை தேவைப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அதே பொருளிலிருந்து 'டூக்கோ' என்னும் பூச்சு பிறந்தது. தடிப்பாகத் தெளிக்கலாம், பல நிறங்களில் கிடைக்கும், வாரக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் காயும். ஜெனரல் மோட்டர்ஸ் 1923இல் அறிமுகம் செய்த ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் இப்பூச்சுடன் வந்தது. அதன் பின்னர் கறுப்பை மட்டும் விற்ற போர்டினால் தாக்குப்பிடிக்க இயலவில்லை.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. ஜெனரல் மோட்டர்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 23 சதவீதம் டியூபொன்டின் கையில் இருந்தது. அந்தப் பிடியே கார்ப் பூச்சு வியாபாரத்தை டியூபொன்டுக்குச் சாதகமாக்கியது என்று அமெரிக்க அரசாங்கம் 1949இல் வழக்குத் தொடர்ந்தது. 1957இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பூச்சு டப்பாவுக்காக இரு பேரரசுகள் நீதிமன்றம் ஏறிய கதை அது.

ஆனால் டூக்கோவுக்கு ஒரு குறை இருந்தது. பளபளப்பு உண்டு, நெகிழ்ச்சி இல்லை. கல் பட்டால் சில்லாகப் பெயரும். 1930களில் வந்த அல்கைட் எனாமல் பூச்சுகள் இவ்விடயத்தில் சற்று மேல். 1960களில் காரின் உடலை முழுதாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியால் அடிப்பூச்சை ஒட்டச்செய்யும் முறை போர்ட் ஆலைகளில் தொடங்கி உலகெங்கும் பரவியது. கல் மேற்பூச்சைப் பெயர்த்தாலும் இரும்போடு ஒட்டிய இந்த அடிப்பூச்சு தங்கிவிட்டால் கறள் வராது. பழைய கார்களைவிட இன்றையவை கறளுக்குத் தாக்குப்பிடிப்பதற்கு இது முக்கிய காரணம். காரின் அடிப்பாகத்தில் பி.வி.சி. கலவையைத் தடிப்பாகத் தெளிக்கும் வழக்கமும் அப்படியே வந்தது.

இத்தனை அடுக்குகளையும் சேர்த்தால்கூட இன்றைய கார்ப் பூச்சின் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதன்மேல் மோதும் கல்லின் சக்தியோ வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும் கல்லைவிட 80இல் மோதும் கல் நான்கு மடங்கு பலத்தோடு அடிக்கும். முன்னே செல்லும் லொறிக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள் என்ற முதியவர்களின் புத்திமதியைவிட மேலான பாதுகாப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆலைகளில் இதனைச் சோதிக்கும் முறை வேடிக்கையானது: ஆற்றுக் கற்களை அள்ளி, அமுக்கிய காற்றினால் பூச்சுத் தகட்டின்மீது சுட்டு, பெயர்ந்த புள்ளிகளை எண்ணுகிறார்கள். குளிரில் பூச்சு மேலும் நொறுங்கும் என்பதால் உறையவைத்த தகட்டிலும் சுடுகிறார்கள்.

இரண்டாவது பாய்ச்சலும் யுத்தத்திலிருந்தே வந்தது. வியட்நாமில் அமெரிக்க ஹெலிகொப்டர்கள் செம்மண் தரையில் இறங்கி ஏறும்போது கிளம்பிய மணலும் கல்லும் அவற்றின் சுழலும் இறக்கைகளின் முன்விளிம்பைத் தின்றன. அதற்கு மருந்தாக 3எம் கம்பனியின் பொலியூரிதேன் நாடா ஒட்டப்பட்டது. கல் பட்டால் உடையாமல், அமுங்கி மீளும் இயல்பு அதற்குண்டு. பின்னாளில் பந்தயக் கார்களின் மூக்கில் ஏறி, அங்கிருந்து சாதாரணக் கார்களுக்கு இறங்கியது. அதற்கு முன்னர் விலையுயர்ந்த கார்களின் முகப்புக்குக் கறுப்புச் செயற்கைத் தோலில் உறை மாட்டுவார்கள். அதற்குள் புகுந்த மணலும் ஈரமும் தேய்த்துத் தேய்த்து, காக்க வந்த உறையே பூச்சைக் கெடுத்தது. ஒளி புகும் படலம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. 2010களில் வந்தவை, சிறு கீறல்களை வெயிலின் சூட்டில் தாமே ஆற்றிக்கொள்கின்றன.

ஹெலிகொப்டரின் சத்தத்தை வேறு விதமாக அறிந்த எங்களுக்கு, அதன் இறக்கைக்குச் செய்த மருந்து காரின் முகத்தில் மினுங்குவதைப் பார்க்கும்போது மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

எங்கள் நாட்டில் இந்தக் கவலைக்கு வேறு அர்த்தமும் இருந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, அதற்கு முன் வந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும்தான் தலைமுறைகளைச் சுமந்தன. யாழ்ப்பாணத்தில் அவற்றின் ஆயுள் இன்னும் நீண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரத்தை எப்படியோ ஏமாற்றலாம். உப்புக் காற்றை ஏமாற்ற முடியாது. குண்டும் குழியுமான வீதியில் தெறித்த கல், சில்லுக்கு மேலுள்ள மட்கார்ட்டின் உட்பக்கத்தைத்தான் முதலில் தாக்கும். கறளைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் பூசி, ஓட்டை விழுந்தால் தகடு வெட்டி ஒட்டி, ரிங்கரிங் வேலை செய்பவர்களின் கைகளே அந்தக் கார்களை வைத்திருந்தன. மேலே பூசிய நிறம் பழைய நிறத்தோடு பொருந்துகிறதா என்று எவரும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடித் தேய்ந்த கார்களுக்கும் புதுக் காரின் விலை கேட்கப்பட்டது. கையிலிருக்கும் காரைக் காப்பவர்களுக்கு ஒரு விடயம்: படலம் ஒட்டுவதாயின் கல் பட்ட புள்ளிகளை முதலில் சுத்தம் செய்து, அடிப்பூச்சு இட்டு மூடியபின் ஒட்டுங்கள். கறளின் மேல் ஒட்டினால் அது உள்ளேயிருந்து வளரும். படலத்திற்கு வசதியில்லாதவர்கள் மழைக்காலம் தொடங்குமுன் முகப்பையும் சில்லுக் குழிகளையும் கழுவிப் பார்த்து, வெளிறிய புள்ளி எதுவாயினும் சிறு தூரிகையால் தொட்டு மூடினாலே போதும். அந்த வேலைக்கு அரை மணித்தியாலம் செல்லாது.