ஸ்மூத்திக்கு பிளெண்டரா, மிக்ஸியா? – ஒரு சின்ன வரலாறு



எங்கள் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர். ரமணாசிரமத்தைத் தேடி திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களால் இந்தப் பக்கம் பழகிப்போன சொற்களில் ஒன்று 'ஸ்மூத்தி'. பயந்துவிடாதீர்கள், பழத்தையும் தயிரையும் சேர்த்துக் கெட்டியாக அடித்தால் அதுதான் ஸ்மூத்தி :-)

பெயர் தெரிந்தவுடன் அடுத்த கேள்வி வருகிறது. இதற்கென்று தனியாக பிளெண்டர் வாங்க வேண்டுமா? வீட்டு மிக்ஸி போதாதா? கடைக்காரரைக் கேட்டால் வாட் கணக்கு சொல்வார். நான் வரலாறு படிக்கிறவன், அதனால் வரலாற்றைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு மெஷினும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், பிறந்த காரணமே வேறு வேறு.

ஹார்லிக்ஸ் ஊரில் பிறந்தது

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். ஹார்லிக்ஸ் மால்ட் பால் தயாரிக்கப்பட்ட ஊர் அது. போலந்தில் பிறந்து அங்கே குடியேறிய ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர், பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடு வைத்த மெஷினுக்கு 1922ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எதற்காக? சோடாக் கடைகளில் மால்ட் பால் கலக்குவதற்காக!

பிறகு ஃபிரெட் ஓசியஸ் என்பவர் இன்னொரு மெஷின் செய்தார். கையில் காசு இல்லை. ரேடியோவில் புகழ் பெற்றிருந்த இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங்கிடம் போய் நின்றார். வேரிங் பணம் போட்டார், 1937ல் அது விற்பனைக்கு வந்தது. பாட்டுக்காரரின் பெயராலேயே 'வேரிங் பிளெண்டர்' என்று நிலைத்துவிட்டது.

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று காட்டிய ஹெர்ஷி–சேஸ் சோதனை (1952) நினைவிருக்கிறதா? பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளை உதிர்க்க அவர்கள் பயன்படுத்தியது இந்த வேரிங் பிளெண்டரைத்தான்.

கவனிக்க வேண்டியது, பிளெண்டருக்குள் போனதெல்லாம் திரவம். அதற்கேற்றபடிதான் அதன் ஜார் உயரமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கிறது. பிளேடு சுழலும்போது நீர்ச்சுழி உண்டாகிறது, மேலே மிதக்கும் பழத்துண்டு அந்தச் சுழியில் சிக்கி பிளேடுக்கு வந்து சேர்கிறது. திரவம் போதவில்லை என்றால் சுழி இல்லை. பிளேடு காற்றில் சும்மா சுற்றும்.

நம் வீட்டில் என்ன அரைத்தோம்?

நம் அடுப்படிக் கதை வேறு. மிளகாய், மல்லி, மஞ்சள், தேங்காய், பொட்டுக்கடலை, ஊறவைத்த அரிசி, உளுந்து. இத்தனைக்கும் அம்மி, ஆட்டுக்கல், உரல் என்று மூன்று கல். கல்லை இழுத்தது யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இட்லி மாவு ஆட்ட வேண்டுமானால், மாலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆட்டுக்கல்லுக்கு முதல் விடை கோயம்புத்தூரில் கிடைத்தது. 1955ல் பி. சபாபதி என்பவர் கல்லை மோட்டாரில் சுற்றவிட்டு வெட் கிரைண்டரை உருவாக்கினார். பின்னாளில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அம்மி வேலை அப்படியேதான் இருந்தது.

அம்மிக்கு விடை வந்தது பம்பாயிலிருந்து. 1960களில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் வீட்டில் ஜெர்மனியின் பிரவுன் மிக்ஸர் ஒன்று இருந்தது. நம் ஊர் அரைப்பு அதற்குத் தாங்கவில்லை, மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்கவும் இங்கே வசதியில்லை. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். நம் மசாலாவுக்குத் தாங்குகிற மோட்டாரோடு அவர் செய்த மெஷின்தான் 'சுமீத் மிக்ஸி'. உயரக் கண்ணாடி ஜாருக்குப் பதிலாக அகலமான எவர்சில்வர் ஜார். தண்ணீர் அதிகம் ஊற்றாமலே அரைக்கும், மிளகாய்த்தூளும் இடிக்கும்.

பிறகு சென்னையிலிருந்து 1978ல் ப்ரீத்தி வந்தது. கல்யாணச் சீர்வரிசையில் மிக்ஸியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா போனவர்களுக்காக, அங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் மிக்ஸிகளும் தயாராயின. பிளெண்டர் பிறந்த நாட்டிலேயே தேங்காய்ச் சட்னிக்கு பிளெண்டர் போதவில்லை!

ரேஷன் கார்டுக்கு ஒரு மிக்ஸி

2011 சட்டமன்றத் தேர்தலில் மிக்ஸி அரசியலுக்கு வந்தது. மிக்ஸி அல்லது கிரைண்டர் என்று தி.மு.க. சொன்னது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்று அ.தி.மு.க. சொன்னது. ஜெயலலிதா முதல்வரானதும் செப்டம்பர் 15ல் திட்டம் தொடங்கியது.

இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடைமுறை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனால் இவை நேர்மையான தேர்தலைப் பாதிக்கும் என்ற கவலையையும் நீதிபதிகள் மறைக்கவில்லை. அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டார்கள்.

வரிப்பணத்தில் மிக்ஸி தரலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அம்மியில் குழம்புக்கு அரைத்திருப்பார்கள்? வசதியான வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பே கல் ஓரமாகப் போய்விட்டது. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து அம்மி முன்னால் குந்திய பெண்ணுக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் அந்த வருடங்களில் மின்வெட்டு கடுமை. மிக்ஸி மேடையில் இருக்க, அம்மியில் அரைத்த நாட்களும் உண்டு. மெஷின் மட்டும் வந்தால் போதாது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பாடம்.

சரி, எதை வாங்குவது?

எதை அரைக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. வாட் கணக்கு அதற்குப் பிறகு.

வீட்டில் 500 வாட்டோ அதற்கு மேலோ உள்ள மிக்ஸி இருந்தால், வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தயிர் ஸ்மூத்திக்கு அதன் பெரிய ஜாரே போதும். முதலில் பால் அல்லது தயிர், அடுத்து பழம், கடைசியில் ஐஸ். ஐஸைச் சிறு துண்டாக உடைத்துப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். மசாலா அரைக்கும் ஜாரைத் தொடாதீர்கள், மாம்பழ ஸ்மூத்தியில் பூண்டு வாசம் வரும்!

தினமும் உறைந்த பழம் போட்டு நாலைந்து பேருக்கு அடிக்கிற வீடு என்றால் பிளெண்டர் வாங்கலாம். ஆனால் அதில் மஞ்சளையும் மிளகாயையும் போட்டுப் பார்க்க வேண்டாம். பிரவுனுக்கு நடந்தது அதற்கும் நடக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பிளெண்டர் என்றால் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்க மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு முதல் மிக்ஸி எந்த வருடம் வந்தது, அதற்கு முன்னால் யார் அரைத்தார்கள் என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரலாறு அது.

மீண்டும் சந்திப்போம்!